பேச்சிக்கு நீ போட்ட போன்

கார்த்தி,

நலம், நலமறிய ஆவல்னு எழுத எனக்கு இப்ப மனசில்ல. நான் நலமா இல்ல. கோவத்துல இருக்கேன். வாய்ஸ் மெசேஜ் போட்டா நீ அதை ரெண்டு மடங்கு வேகத்துல ஓட விட்டுக் கேப்பன்னு எனக்குத் தெரியும். போன தீபாவளிக்கு வந்தப்ப பக்கத்துல இருந்து பாத்தேன், உங்க அப்பா அனுப்பினது அணில் கத்துத மாதிரி கீச்சுகீச்சுன்னு ஓடுது, நீ பல்லு விளக்கிக்கிட்டே தலையாட்டுத. அதான் பேனாவை எடுத்துட்டேன். இதை ஓட்ட முடியாதுல்ல. கல்யாணத்துக்கு இன்னும் பத்தொன்பது நாள் கிடக்கு. உக்காந்து எழுத்துக்கூட்டிப் படி.

நீ பேச்சியம்மாளுக்குப் போன் போட்டது எனக்குத் தெரிஞ்சு போச்சு. என்ன பேசினன்னும் தெரியும். ஒரு வார்த்தை விடாம கேட்டுட்டேன். அவ சொல்லல, பயப்படாதே. "அம்மாகிட்ட சொல்லிராதீங்க"ன்னு நீ சொன்னதை அவ இன்னைக்கு வரைக்கும் காப்பாத்திக்கிட்டு இருக்கா. எப்படித் தெரிஞ்சுதுன்னு பின்னால சொல்லுதேன். முதல்ல பேச்சி யாருன்னு உனக்குச் சொல்லணும். உனக்குத் தெரியும்தான். ஆனா நீ பேசினதைக் கேட்டா மறந்து போன மாதிரி இருக்கு.

கோவில்பட்டியில பொறந்தவனுக்கு ஹாக்கியைப் பத்தி நான் வகுப்பெடுக்க வேண்டாம். நான் பள்ளிக்கூடத்துல ரைட் ஹாஃப். பன்னெண்டாவது முடிச்சதும் கல்யாணம், அதோட முப்பது வருசம் நான் ஆட்டத்துக்குன்னு ஸ்டிக்கைத் தொடல. நீ ஹாக்கி பாக்கப் போறேன்னு கிரவுண்டுக்கு ஓடுவ, நான் வீட்டுல மாவாட்டிக்கிட்டு, "வெயில்ல நிக்காதலே"ன்னு கத்துவேன். உங்க அம்மா பெனால்டி கார்னர் அடிச்சவன்னு உனக்கு நான் சொன்னதுகூட இல்ல. அப்புறம் சுகர் வந்துச்சு, டாக்டர் நடக்கச் சொன்னாரு, காலையில கிரவுண்டைச் சுத்தப் போனேன். அங்கன தீப்பெட்டி ஆபீஸ்ல வேலை பாக்குத சண்முகக்கனியும் நடக்க வந்தா. பள்ளிக்கூடத்துல எனக்கு ஒரு வகுப்பு இளையவ, கோல் கீப்பர். ரெண்டு பேரும் நாலு நாள் நடந்தோம். அஞ்சாம் நாள் அவ தம்பி மகனோட பழைய ஸ்டிக்கு ரெண்டைத் தூக்கிட்டு வந்துட்டா. "எக்கா, சும்மா ஒரு தட்டு தட்டிப் பாப்போமா?"ன்னா. நான் அடிச்ச முதல் அடி பந்துல படவே இல்ல, கரிசல் மண்ணுல ஒரு பிடி பேந்து என் வாயிலயே விழுந்துச்சு. கனி சிரிச்ச சிரிப்புல அவளுக்கு விக்கல் வந்துட்டு. எனக்கு அழுகை வந்துட்டு.

பேச்சி வந்த கதையைக் கேளு. அன்னைக்குச் சனிக்கிழமை, ரெண்டு கிடாயை ஆட்டுச் சந்தைக்கு ஓட்டிக்கிட்டு கிரவுண்டு ஓரமாப் போனா. நான் அடிச்ச பந்து தறிகெட்டு அவகிட்ட ஓடுச்சு. "எக்கா, அந்தப் பந்தை எடுத்துப் போடுங்க"ன்னேன். அவ குனியவே இல்ல. கையில வச்சிருந்த கம்பைத் திருப்பி ஒரே தட்டு. பந்து நேரா, தரையை விட்டு எழும்பாம, என் ஸ்டிக்குக்கு வந்து நின்னுச்சு. நானும் கனியும் ஒருத்தரை ஒருத்தர் பாத்தோம். எங்க கோச் சாரு ஒரு வருசம் தொண்டை கிழியக் கத்தியும் எங்களுக்கு வராத பாஸ் அது. "ஏட்டி, இன்னொரு தடவை அடி"ன்னு கனி கெஞ்சுதா. "கிடாய் ஓடிப்போயிரும் தாயி, அடுத்த வாரம் வாரேன்"ன்னு சொல்லிட்டுப் போனா. சொன்ன மாதிரியே வந்தா. அதுக்கப்புறம் தினமும் பால் வண்டியில தொத்திக்கிட்டு அஞ்சரைக்கெல்லாம் வந்து நிப்பா. மூணு நாலாகி, நாலு அஞ்சாகி, கடைசியில ஒன்பது பேரு ஆனோம். ஒருத்தி நர்ஸ், ஒருத்திக்கு இட்லிக் கடை, ஒருத்தி பேரன் எடுத்தவ. சுடிதாருக்கு மேல மகன் சட்டை, கால்ல மருமகன் ஷூ. ஓடி முடிச்சு, கிரவுண்டு வாசல் டீக்கடையில நின்னு ஒன்பது டீ குடிப்போம். அந்த டீயில நாங்க பேசாத பேச்சு இல்ல. உங்க அப்பாகிட்ட முப்பது வருசமாச் சொல்லாததை எல்லாம் நான் அங்கன சொல்லியிருக்கேன். மாதவிடாய் நின்னப்ப எனக்குக் கிறுக்குப் பிடிக்கப் போகுதுன்னு நான் பயந்ததை உன்கிட்ட சொல்ல முடியுமா? பேச்சிகிட்ட சொன்னேன். "எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு, ஆட்டையெல்லாம் கெட்ட வார்த்தையில வஞ்சேன்"ன்னா. அன்னைக்குத்தான் நான் நல்லாத் தூங்கினேன்.

இதெல்லாம் உனக்கு விளையாட்டாத் தெரியும். சரி, விளையாட்டு இல்லாததைச் சொல்லுதேன். போன வருசம் உங்க அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்தப்ப நான் கிரவுண்டுல நின்னேன். பக்கத்து வீட்டுலருந்து போன் வந்ததும் எனக்குக் கைகால் ஓடல. கனி ஆட்டோவைப் பிடிக்க ஓடினா, பேச்சி என்னைத் தூக்காத குறையா உள்ள ஏத்தி அவளும் ஏறினா. வீட்டுக்கு வந்து உங்க அப்பாவையும் அவதான் அதே ஆட்டோவுல தூக்கி ஏத்தினா. கால்ல கட்டின ஷின் கார்டைக்கூட கழத்தாம வந்தவ, மூணு நாள் ஆஸ்பத்திரி வராந்தாவுல என்கூடக் கிடந்தா. ஆட்டை மருமக பாத்துக்கிட்டா. யாரும்மா நீங்கன்னு நர்ஸ் கேட்டதுக்கு, "கூடப் பொறந்தவ"ன்னு சொன்னா. உனக்கு யார் தகவல் சொன்னது? நான் சொல்லல. என் வாய் குழறிச்சு. அவ தன் போன்ல உன்னைக் கூப்பிட்டு, "தம்பி, பயப்படாதிய, அப்பா முழிச்சிட்டாவ, நீங்க பைய வாங்க"ன்னு சொன்னா. நீ அந்தப் பக்கம் தேம்பித் தேம்பி அழுத. "நீங்கதான் பாத்துக்கணும் சித்தி"ன்னு சொன்ன. அப்ப சித்தி. அப்படித்தான்லே அவ நம்பர் உன் போனுக்கு வந்துச்சு. அதே நம்பரை வச்சுத்தான் அவளை வராதேன்னு சொல்லியிருக்க.

நிச்சயம் முடிஞ்சு பத்திரிகை வைக்க ஆரம்பிச்ச மறுவாரம் கழுகுமலையில ஒரு ஊர்த் திருவிழாவுல வயசான பெண்டுகளுக்குன்னு ஒரு ஆட்டம் வச்சாங்க. நாங்க போனோம். அஞ்சு கோல் வாங்கித் தோத்தோம், அது வேற கதை. நான் கால் தடுக்கி மண்ணுல உருண்டதையும், பேச்சி "ஏலே, வழியை விடுங்கலே"ன்னு நடுவரையே விரட்டினதையும் எவனோ வீடியோ எடுத்துப் போட்டான். அது சுத்தி உன்கிட்ட வந்துச்சு. நீ என்னைக் கூப்பிட்டு, "பொண்ணு வீட்டுல எல்லாரும் பாத்துட்டாங்க, ஒரு மாதிரிப் பேசுறாங்க, கல்யாணம் முடியிற வரைக்கும் சும்மா இருங்கம்மா"ன்ன. எனக்குச் சுருக்குன்னுச்சு. ஆனாலும் சம்பந்தி வீட்டு விசயம், புதுசா வாரவிய, நம்மால ஒரு மனஸ்தாபம் வேண்டாம்னு நெனைச்சு, சரிய்யா, வீடியோ கீடியோ இனி இல்லன்னு சொன்னேன். அதோட முடிஞ்சுதுன்னு இருந்தேன்.

அந்த வாரம்தான் பேச்சி வராம நின்னா. ஒரு நாள் வரல, ரெண்டு நாள் வரல. நான் என்ன செஞ்சேன் தெரியுமா? எனக்கு அவமேல கோவம். கடைசியா ஆடினப்ப, "பந்தைக் கொடுட்டின்னா ஆட்டை விரட்டுத மாதிரி விரட்டிக்கிட்டே போற"ன்னு எல்லாருக்கும் முன்னால வஞ்சிருந்தேன். அதுக்கு முறுக்கிக்கிட்டாக்கும்னு நானே முடிவு பண்ணி, அவளாப் பேசட்டும்னு நானும் முறுக்கிக்கிட்டேன். பத்து நாள். இந்தப் புத்தி எனக்கு இருக்கு, ஒத்துக்கிடுதேன். பதினோராம் நாள் மனசு கேக்காம அவ ஊருக்கு பஸ் ஏறினேன். வாசல்ல ஆட்டுக்கு வேப்பங்குழை கட்டிக்கிட்டு இருந்தா. என்னைப் பாத்ததும் முகம் மலர்ந்து, ஒரு நிமிசத்துல வாடிப் போச்சு. "ஏன்ட்டி வரல?" "ரெண்டு ஆடு குட்டி போட்டிருக்கு தாயி, ஒழியல." "முழங்கால் வலியா?" "ஆமா, அதுவும்தான்." "எம்மேல கோவமா?" "ஐய, உம்மேல எனக்கு என்ன கோவம்? நீ வையாட்டாத்தான் எனக்குப் பந்தே ஓடாதே." உள்ள போனா சாமி படத்துக்குக் கீழ உன் கல்யாணப் பத்திரிகை இருக்கு. மூலையில நான் தடவின மஞ்சள் அப்படியே இருக்கு. நானும் உங்க அப்பாவும் தாம்பாளத்துல வெத்திலை பாக்கு பழம் வச்சு, ரெண்டு பேருமா நின்னு அவ கையில கொடுத்த பத்திரிகை அது. அவ வீட்டுல ஒருத்தருக்கும் அப்படி யாரும் வந்து கொடுத்ததில்லையாம், அன்னைக்கு அவ மருமகளைக் கூப்பிட்டுக் காட்டினா. "கல்யாணத்துக்கு முந்தின நாளே வந்துரணும், மறந்துராத"ன்னு இப்பவும் சொன்னேன். "பாப்போம் தாயி, ஆடு இருக்குல்ல"ன்னு குழையைப் பாத்துக்கிட்டே சொன்னா. எனக்கு விளங்கல. மண்டு மாதிரி திரும்பி வந்துட்டேன்.

முந்தாநாள்தான் விளங்குச்சு. பேச்சியோட போன் நிறைஞ்சு போய் வேலை செய்யலன்னு கனிகிட்ட கொடுத்துவிட்டிருக்கா. அந்தப் போன்ல பேசுதது எல்லாம் தானாப் பதிவாகுமாம், பேச்சிக்கு அதெல்லாம் தெரியாது. கனி ஒண்ணொண்ணா அழிக்கப் போனவ, உன் பேரைப் பாத்துட்டு ஓட விட்டிருக்கா. டீக்கடை பெஞ்சுல உக்காத்தி வச்சு எனக்குப் போட்டுக் காட்டினா. "ஆன்ட்டி, தப்பா எடுத்துக்காதீங்க"ன்னு ஆரம்பிச்சிருக்க. ஆன்ட்டி! "அம்மா உங்களோட சேர்ந்துதான் இப்படி ஆயிட்டாங்க. அவங்களைக் கொஞ்சம் விட்டுருங்க. கல்யாணத்துக்கு எங்க ஆபீஸ்ல இருந்து, பொண்ணு வீட்டுல இருந்து எல்லாம் டீசன்டான ஆளுங்க வருவாங்க. நீங்க வந்தா உங்களுக்கே சங்கடமா இருக்கும்." ஒரு கெட்ட வார்த்தை கிடையாது. ஒரு சத்தம் கிடையாது. நீ குடிச்சுட்டு வந்து அவளை நாலு வார்த்தை வஞ்சிருந்தாக்கூட போதை பேசிச்சுன்னு விட்டிருப்பேன்லே. இவ்வளவு மரியாதையா ஒருத்தியை மிதிக்க உனக்கு யார் சொல்லிக் கொடுத்தா? அதுக்கு அவ என்ன சொன்னா, ஞாபகம் இருக்கா? "சரிய்யா. கல்யாணம் நல்லபடியா நடக்கட்டும்." பெறகு, "சாப்டியாய்யா?"ன்னு கேக்கா. நீ "ம்"னு சொல்லிட்டு வச்சுட்ட. அந்த 'ம்'மைக் கேட்டதும் கையில இருந்த டீ கிளாஸை ரோட்டுல விட்டு எறிஞ்சேன்.

வீட்டுக்கு வந்து உங்க அப்பாகிட்ட சொன்னேன். "விடு, சின்னப்பய, தெரியாமப் பேசிட்டான்"ன்னாரு. இருபத்தொன்பது வயசு சின்னப்பய! "அவ தூக்கி ஏத்தலன்னா நீங்க ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்திருக்க மாட்டீங்க, இன்னைக்குப் போட்டோவுல மாலையோட இருப்பீங்க"ன்னு சொன்னதும் மனுசன் சட்டையை மாட்டிக்கிட்டு வெளிய போயிட்டாரு. அதோட விடல. சம்பந்தி அம்மாவுக்குப் போன் போட்டேன். இப்படி நாங்க ஆடுனது உங்களுக்கு வருத்தமாமே, மனசுல வச்சுக்கிடாதீங்கன்னு கேட்டேன். அவியளுக்கு ஒண்ணும் புரியல. "எந்த வருத்தம்? உங்க மருமக அந்த வீடியோவை ஸ்டேட்டஸ்ல வச்சு ரெண்டு நாள் எடுக்கவே இல்லையே. எங்க அத்தை பாருங்கன்னு எல்லார்கிட்டயும் காட்டினாளே. என்னையும் சேத்துக்கிடுவீங்களான்னு நானே கேக்கணும்னு இருந்தேன்"னு சிரிக்காவ. எனக்கு எங்க போய் முகத்தை வைக்கன்னு தெரியல. ஆக, பொண்ணு வீட்டுல ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல. வெக்கப்பட்டது நீ மட்டும்தான். அந்த வெக்கத்தைத் தூக்கி நம்ம வீட்டுக்கு வாரதுக்கு முன்னாலயே ஒரு பிள்ளை தலையில வச்சிருக்க. அவ கையில பிடிபட்டா நீ என்னலே சொல்லுவ?

இதை எழுதும்போதே எனக்கு ஒண்ணு உறைக்குது, அதையும் மறைக்காமச் சொல்லுதேன். இந்தப் புத்தி உனக்கு ஆகாசத்துல இருந்து வரல. எனக்கு வசந்தான்னு ஒரு சேக்காளி இருந்தா. லெஃப்ட் ஹாஃப். அவ ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், நடுவுல ஒரு ஈ போக விடமாட்டோம். கல்யாணம் ஆகி கடம்பூர் பக்கம் உங்க அப்பா ஊருக்கு நான் போய் ரெண்டு மாசம் இருக்கும், அவ சைக்கிள்லயே என்னைப் பாக்க வந்தா. அந்த வெயில்ல, ஆட்டத்துக்குப் போடுத டவுசர் சட்டையோட. பள்ளிக்கூடத்துல நான் விட்டுட்டு வந்த என் ஸ்டிக்கைக் கைப்பிடியில கட்டிக் கொண்டு வந்திருந்தா. தெருவுல இருக்க பொம்பளையெல்லாம் வாசலுக்கு வந்து அவ காலைப் பாக்காவ. என்னை யாரும் உள்ள போகச் சொல்லல. உங்க ஆச்சிகூட ஒண்ணும் சொல்லல, அவிய காட்டுல பருத்தி எடுக்கப் போயிருந்தாவ. நானாத்தான் கதவுக்குப் பின்னால போய் நின்னு, பக்கத்து வீட்டுப் பிள்ளைகிட்ட, "நான் இல்லன்னு சொல்லிரு"ன்னேன். என் குரல் அவளுக்குக் கேட்டிருக்கும். கேட்காம இருக்காது, கதவு அவ்வளவு மெலிசு. அவ ஒரு செம்பு தண்ணி வாங்கிக் குடிச்சுட்டு, ஸ்டிக்கைச் சுவத்துல சாத்தி வச்சுட்டுப் போனா. பெறகு வரல. எங்க இருக்கா, இருக்காளா இல்லையான்னுகூட எனக்குத் தெரியாது. அந்த ஸ்டிக்கை வச்சு நான் வெந்நீர் அடுப்புல விறகு தள்ளினேன் கார்த்தி. தள்ளித் தள்ளி அது பாதி எரிஞ்சு போச்சு. நீ செஞ்சதைக் கேட்டப்ப எனக்கு அவ்வளவு கோவம் வந்ததுக்கு, அதுல நானும் இருந்தேன்ங்கிறதும் ஒரு காரணம்.

அதனால சொல்லுதேன், கேட்டுக்க. நாளைக்கு உன் பொண்டாட்டியா வாரவளுக்கும் சேக்காளி இருப்பா. ஆபீஸ்ல இருப்பா, ஜிம்முல இருப்பா, எங்கயோ ஒரு இடத்துல இருப்பா. உனக்குப் பிடிக்காத மாதிரி சிரிப்பா, உனக்குப் பிடிக்காத சட்டை போடுவா. உன்கிட்ட சொல்லாததை எல்லாம் அவகிட்டதான் இவ சொல்லுவா. அதைக் கண்டு உனக்கு எரியும். எரியட்டும், ஓரமாப் போய் எரி. ஒரு பொம்பளை புருசன் வீட்டுக்குன்னு வந்தபெறகு, யாருக்கும் மகளும் இல்லாம, யாருக்கும் அம்மாவும் இல்லாம, சும்மா அவளா இருக்க ஒரு மணி நேரம் கிடைக்கிறது எவ்வளவு பெரிய விசயம்னு உனக்குத் தெரியாது. எனக்கே ஐம்பது வயசுலதான் தெரிஞ்சுது. அந்த ஒரு மணி நேரத்துலதான் நீ போய்க் கல்லைப் போட்டிருக்க. இப்ப காலையில எட்டு பேரு வாரோம், ஆடுதோம், பந்து வலது பக்கமாவே போகுது, இடது பக்கம் நிக்க ஆள் இல்ல. எட்டு டீ சொல்லும்போது கடைக்காரர் மட்டும் நிமிர்ந்து பாக்காரு.

நீ இப்ப என்ன செய்வன்னும் எனக்குத் தெரியும். உடனே போனை எடுத்து அவளுக்கு 'சாரி ஆன்ட்டி'ன்னு ஒரு மெசேஜ் தட்டுவ, கைகூப்புத பொம்மை ரெண்டு போடுவ. செய்யாதே. அவளுக்குப் படிக்கத் தெரியாது, மருமகதான் வாசிச்சுக் காட்டணும். நீ அவமானப்படுத்தினதை இதுவரைக்கும் மருமகளுக்குத் தெரியாம வச்சிருக்கா, அதையும் கெடுத்துராதே. என்னைத் தூது போகவும் சொல்லாதே. நான் போய் எத்தனை தடவை கூப்பிட்டாலும் அவ வாரேன்னு சொல்லுவா, வர மாட்டா. என் மகன் மானம் போயிரக் கூடாதேன்னு எதாவது ஒரு ஆட்டுக்குக் காய்ச்சலைக் கொண்டு வருவா.

பத்திரிகை வைக்கிறதுன்னா நம்ம பக்கம் என்னன்னு உனக்கு நான் சொல்லணுமா? தாம்பாளத்தோட வாசல்ல நின்னு வச்ச பத்திரிகையை எதிரிகூட திருப்பி வாங்க மாட்டான். வராதேன்னு சொன்னா அந்த உறவை வெட்டினதுன்னு அர்த்தம். அந்தப் பத்திரிகையை அவ கையில வச்சது இந்தக் கை. அப்ப நீ வெட்டினது அவளை மட்டும் இல்ல. அவளை வராதேன்னு சொன்ன அன்னைக்கே என்னையும் சொல்லிட்ட. இதை நான் கோவத்துல சொல்லல. ரெண்டு நாளா யோசிச்சுத்தான் எழுதுதேன். உங்க அப்பா மண்டபத்துக்கு வருவாரு, மேடையில நிப்பாரு, கேக்குதவியகிட்ட எனக்கு உடம்பு சரியில்லன்னு சொல்லச் சொல்லியிருக்கேன். மனுசன் அழுதாரு. நான் அழல.

ஞாயித்துக்கிழமை பஸ் ஏறு. தாம்பாளத்தை நீயே வாங்கு, வெத்திலை பாக்கு பழம் வை, ஒரு புதுப் பத்திரிகையில உன் கையாலயே மஞ்சள் தடவு. முதல்ல அவ வீட்டு வாசலுக்குப் போ. அவ உள்ள கூப்பிட்டா போ, கூப்பிடலன்னா அங்கனயே நில்லு. அவ வாங்கிக்கிட்டான்னா, அப்புறமா நம்ம வீட்டுக்கு வந்து எனக்கு ஒரு பத்திரிகை வை. ஏன்னா எனக்கும் இன்னும் யாரும் வைக்கல.

அம்மா